இரண்டாம் தரம் கேட்காதவர்கள்

அன்ரி கதிரையில் இருந்ததை நான் பார்த்தது குறைவு. முதல் நாள் எங்கள் அலுவலகத்துக்கு வந்தபோதும் நின்றார். கடைசியாக நான் பார்த்த அன்றும் நின்றார்.

சுவிஸில் ஷ்லீரன் என்கிற ஊரில் டயர் கடை ஒன்றுக்கு மேல்மாடியில் இரண்டு அறைகள். அதுதான் அலுவலகம். ஐஸ் ஹொக்கி ஆட்டக்காரர்களுக்காகக் கழகங்களோடு ஒப்பந்தம் பேசிக்கொடுப்பது எங்கள் தொழில். முதலாளி முன்பு ஹொக்கி ஆடிய சுவிஸ்காரர். முன்பற்கள் இரண்டும் கட்டின பற்கள், வலது முழங்கால் வெட்டித் தைத்தது. அவருக்கு இருந்த ஒரே ஊழியர் நான். யாழ்ப்பாணத்திலிருந்து வந்த தாய் தகப்பனுக்கு இங்கேயே பிறந்து, இங்கேயே படித்து, யாராவது எதையாவது நீட்டினால் நன்றி சொல்லி வாங்கிப் பையில் போட்டுக்கொள்கிற பிறவி.

அன்ரி கூர் என்கிற மலையடி ஊரிலிருந்து மகனைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தார். மகன் கோல் கீப்பர். உயரம் கதவு நிலையை இடிக்கிற அளவு. கடலுக்கு அப்பால் இருக்கிற பெரிய லீக்கில் ஒரு கழகம் அவன் பெயரைத் தெரிவுப் பட்டியலில் எடுத்து வைத்திருந்தது. அதற்கு ஒப்பந்தம் பேச எங்களைப் பிடித்திருந்தார்கள்.

முதலாளி கதிரையைக் காட்டி உட்காருங்கள் என்றார். "இல்லை, பரவாயில்லை, நிற்கிறேன்" என்றார் அன்ரி, ஆஸ்பத்திரிக் குசினியில் பல வருடம் வேலை செய்து பழகிய ஜேர்மனில். முதலாளி தலையாட்டிவிட்டு, ஒரு பெண் நிற்கும்போது தான் இருப்பது அழகில்லை என்று எழும்பி நின்றார். அம்மா நிற்கிறார் என்று மகன் நின்றான். எல்லோரும் நிற்க நான் மட்டும் எப்படி இருப்பது? நாலு கதிரையும் சும்மா கிடக்க, நாங்கள் நாலு பேரும் மேசையைச் சுற்றி நின்றபடி மூன்று வருட ஒப்பந்தம் ஒன்றைப் பற்றிக் கதைத்தோம். முதலாளி வெட்டித் தைத்த காலை மாற்றி மாற்றி வைத்தார்.

திரும்ப ரயிலுக்கு விடப் போனபோது வழியில் கேட்டேன்.

"அன்ரி, ஏன் நீங்கள் இருக்கேல்லை? கால் உளைஞ்சிருக்குமே."

"உளைஞ்சதுதான் பிள்ளை. அந்த மனிசன் ஒருக்காத்தானே கேட்டவர்."

அந்தப் பதிலில்தான் எனக்கு அன்ரி முழுதாகப் பிடிபட்டார். அவருடைய கணக்கில் முதல் தரம் கேட்பது வாய்க்கு. இரண்டாம் தரம் கேட்பது மனதுக்கு. மூன்றாம் தரமும் கேட்டால்தான் உண்மையாகத் தரப் போகிறார்கள், அப்போது வாங்கலாம். அதற்கு முன்னர் வாங்குகிறவர்கள் அலைந்தவர்கள், ஆலாய்ப் பறக்கிறவர்கள். தேத்தண்ணி முதல் வேலை வரைக்கும் எல்லாவற்றுக்கும் இதே சட்டம். எங்கள் வீடுகளில் இது எல்லோருக்கும் ஓரளவு உண்டு. என் அம்மாவும் பக்கத்து வீட்டில் பலகாரம் நீட்டினால் முதலில் கையைப் பின்னுக்கு இழுப்பார். ஆனால் என் அம்மா ஆள் பார்த்து இழுப்பார். சுவிஸ்காரர் நீட்டினால் உடனே எடுத்துவிடுவார், அவர்கள் தட்டை உள்ளே கொண்டுபோய் விடுவார்கள் என்று தெரியும். அன்ரிக்கு அந்த ஆள் பார்க்கிற வித்தை கடைசிவரை வரவில்லை. வராதது மட்டுமில்லை, அதை ஒரு குறையாகவும் அவர் நினைக்கவில்லை.

இதனால் அவர் இழந்தவை கொஞ்சமல்ல. பனி கொட்டுகிற காலையில் பக்கத்து வீட்டுக்காரி காரை நிறுத்தி, ஆஸ்பத்திரிப் பக்கம்தான் போகிறேன் ஏறுகிறாயா என்று கேட்டிருக்கிறாள். வேண்டாம் என்று சொல்லிவிட்டு, கையைக் கதவுப் பிடிக்குக் கிட்டவே வைத்துக்கொண்டு நின்றாராம். கார் போய்விட்டது. சப்பாத்துக்குள் பனி போக நடந்து போய், அன்றைக்கு முழுக்கக் காய்ச்சலோடு வேலை செய்தார். இன்னொரு தரம், குசினியில் மேற்பார்வை வேலை காலியானபோது குசினிக்குப் பொறுப்பான பெரியவர் இவரைத்தான் கூப்பிட்டுக் கேட்டார். "எனக்கு எங்கே அதெல்லாம் வரப்போகுது, வேறு ஆருக்கும் குடுங்கோ" என்று இவர் பணிவாகச் சொல்ல, அவர் அதை அப்படியே நம்பி, பின்னால் வந்து சேர்ந்த போர்த்துக்கல்காரி ஒருத்திக்குக் கொடுத்துவிட்டார். அந்தப் பெண்ணுக்குக் கீழேதான் அன்ரி அதன் பிறகு மரக்கறி வெட்டினார்.

"இன்னொருக்கா கேட்டிருக்கலாம்தானே பிள்ளை" என்பார் அந்தக் கதையைச் சொல்லும்போதெல்லாம். கோபம் இல்லை. இந்த ஊர்க்காரருக்குப் பழக்கவழக்கம் போதாது என்கிற ஒரு சலிப்பு மட்டும்.

மகன் ஹொக்கிக்கு வந்த கதையும் இந்தச் சட்டப்படிதான். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளை ஐஸ் மைதானத்துக்குக் கூட்டிப்போன நாளில் ஒரு பயிற்சியாளர் இவனைக் கண்டு, கழகத்துக்கு அனுப்புகிறீர்களா என்று வீடு தேடி வந்து கேட்டார். அன்ரி வேண்டாம் என்றார். அடுத்த கிழமை அதே மனிதர் வந்து அதையே கேட்டார். அதற்கும் வேண்டாம். பிறகு ஒரு நாள் கடைத்தெருவில் மறித்துக் கேட்டார். அன்ரி உடனே சம்மதித்தார். "உந்த ஊரிலை பழக்கவழக்கம் தெரிஞ்ச ஒரே வெள்ளைக்காரன் அவர்தான்" என்று அவரைப் பற்றி எப்போதும் பெருமையாகச் சொல்வார். பல வருடம் கழித்து, இந்த ஒப்பந்தம் பேசிய நாட்களில், நான் அந்த மனிதரைச் சந்தித்தேன். வயதாகி இருந்தது. மூன்று தரம் கேட்டதாக அவருக்கு நினைவே இல்லை. "எனக்கு மறதி அதிகம், யாரைக் கேட்டேன் யாரைக் கேட்கவில்லை என்று தெரியாது, எல்லோரையும் திரும்பத் திரும்பக் கேட்பேன்" என்று சிரித்தார். அன்ரிக்கு இதை நான் சொல்லவில்லை. எதற்கு?

ஒப்பந்த விசயத்துக்கு வருகிறேன். அந்தப் பெரிய லீக்கில் ஒவ்வொரு கழகத்துக்கும் ஆட்டக்காரர் சம்பளத்தில் ஒரு உச்சவரம்பு உண்டு. கழகத்துச் சொந்தக்காரன் எவ்வளவு பெரிய பணக்காரனாக இருந்தாலும் அந்தக் கோட்டுக்கு மேலே ஒரு சதம் கொடுக்க முடியாது. எத்தனை பேரை ஒப்பந்தத்தில் வைத்திருக்கலாம் என்பதற்கும் எல்லை. புதிதாக வருகிற இளம் ஆட்டக்காரனின் முதல் ஒப்பந்தத்துக்கு இன்னும் இறுக்கம்: இவன் வயதில் மூன்று வருடம்தான், சம்பளமும் இவ்வளவுக்கு மேல் போகக்கூடாது. அதில் பேரத்துக்கு இடமே இல்லை. பேரம் பேசக்கூடியவை இரண்டு. ஒன்று, நன்றாக ஆடினால் கிடைக்கிற ஊக்கத்தொகை. மற்றது, பெரிய அணியில் இடம் கிடைக்காவிட்டால் பையனை எங்கே வைத்திருப்பது என்பது. வழக்கமாக அந்தக் கழகத்தின் கீழ் அணிக்கு அனுப்புவார்கள். எங்கோ ஒரு சின்ன ஊர், நீண்ட பஸ் பயணம், பார்வையாளர் இல்லாத கலரிகள், எப்போது மேலே கூப்பிடுவார்கள் என்று தெரியாத காத்திருப்பு. சில ஐரோப்பியப் பிள்ளைகளுக்கு மட்டும், விரும்பினால் அந்தப் பருவத்துக்குச் சொந்த நாட்டுக்குத் திரும்பி வந்து ஆடலாம் என்று ஒரு விதியைச் சேர்ப்பார்கள்.

முதலாளிக்குத் திரும்பி வருகிற விதியில் அக்கறை இல்லை. அவர் ஊக்கத்தொகையைப் பிடித்துத் தொங்கினார். கழகம் அதைத்தான் கொடுக்க முடியாது என்றது. ஊக்கத்தொகையும் ஒரு வகையில் உச்சவரம்புக் கணக்கில் வந்து ஏறும். அவர்கள் ஏற்கனவே கூரையில் தலை முட்டிக்கொண்டு நின்றார்கள். வாரக்கணக்காகத் தொலைபேசியில் இழுபறி. கடைசியில் கழகத்தின் துணை மேலாளர் ஐரோப்பாவுக்கு வேறு அலுவலாக வந்தவர், ஒரு ஞாயிற்றுக்கிழமை கூருக்கு நேரே வருவதாகச் சொன்னார். ஒரே ஒரு ஒப்பந்த இடம் மிச்சம் இருக்கிறது, அதற்கு வேறொரு பையனும் நிற்கிறான், இரவு விமானத்துக்கு முன்னர் ஒரு பெயரை அனுப்பவேண்டும் என்றார். முதலாளி அன்றிலிருந்து நகம் கடித்தார்.

மகன் ஆட்களுக்கு முகம் காட்டாதவன். கோல் கீப்பர்கள் பொதுவாக அப்படித்தான். ஆனால் அந்த ஞாயிறு அவன் முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. ஆறேழு வயதிலிருந்து விடியற்காலையில் எழும்பி ஐஸில் விழுந்து எழும்பியதெல்லாம் இதற்குத்தான். சட்டப்படி அம்மாவின் கையெழுத்து அவனுக்குத் தேவையில்லை, வயது வந்துவிட்டது. ஆனாலும் அன்ரி தலையாட்டாமல் அவன் பேனாவைத் தொடமாட்டான் என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

முதலாளியும் நானும் அவர்கள் வீட்டுக்குப் போனபோது மாடிப்படியில் வைத்தே அன்ரியைப் பிடித்தேன்.

"அன்ரி, வாறவர் ஒருக்காத்தான் கேப்பார். கேட்டவுடனை ஓம் எண்டு சொல்லுங்கோ."

"ஓம் பிள்ளை."

"விளையாட்டில்லை அன்ரி. இண்டைக்கு இரவு வேறை பெடியனுக்குக் குடுத்திடுவினம்."

"ஏன் பிள்ளை நான் சொல்லாமல்? பெடியன்ரை வாழ்க்கையெல்லோ. நீ பயப்பிடாதை."

நான் பயந்தேன்.

துணை மேலாளர் நல்ல மனிதர். பெரிய உருவம், மெல்லிய குரல். வாசலில் எங்கள் சப்பாத்துக் குவியலைக் கண்டவுடன் சொல்லாமலே தன் சப்பாத்தைக் கழற்றினார். கணுக்கால் வரை வருகிற, நீளக் கயிறு கட்டின சப்பாத்து. அங்கிளோடு, அதாவது அன்ரியின் கணவரோடு, கை குலுக்கினார். அங்கிள் மலைமேல் ஒரு ஹோட்டலில் சமையல் உதவி, அன்றைக்கு லீவு போட்டு இறங்கி வந்திருந்தார்.

மேசையில் இடியப்பம், இறால் குழம்பு, கோழிப் பொரியல், சொதி. துணை மேலாளர் ஒரு தட்டு சாப்பிட்டு, போதும் என்று கையால் காட்டினார். அன்ரி இரண்டாம் தரம் கேட்டார். போதும் என்றார். மூன்றாம் தரம் கேட்கும்போதே இடியப்பம் தட்டில் விழுந்துவிட்டது. அந்த மனிதர் நெற்றி வியர்க்க அதையும் சாப்பிட்டு முடித்தார். அன்ரியின் முகத்தில் அப்படி ஒரு திருப்தி. விருந்தாளி வாய்க்கு மறுத்தார், மனதுக்குச் சாப்பிட்டார் என்று.

பிறகு அவர் வாயைத் துடைத்துவிட்டு, அன்ரியைப் பார்த்துக் கதைக்கத் தொடங்கினார். நான் ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு மாற்றினேன். உங்கள் மகனை எங்களுக்குப் பிடித்திருக்கிறது. மூன்று வருடம். சம்பளம் விதிப்படி. ஊக்கத்தொகையில் கொஞ்சம், அவ்வளவு தூரம்தான் எங்களால் வரமுடியும். இதுதான் எங்கள் கடைசிச் சொல். உங்கள் மகனை எங்களுக்குத் தருவீர்களா?

அந்தக் கடைசிக் கேள்வியை அவர் கேட்டிருக்கவே கூடாது. அதை ஒரு அழகுக்காகக் கேட்டார் என்று நினைக்கிறேன். நல்ல தட்டில் வைத்து, நேரே முகத்தைப் பார்த்து நீட்டினார். அன்ரியின் கை தானாகப் பின்னால் போனது. தலை ஆடியது. மொழிபெயர்ப்பு எதுவும் தேவைப்படவில்லை.

"நைன், நைன்" என்றார், வேண்டாம் என்பதை ஜேர்மனில், சிரித்தபடி.

மகன் அம்மாவைப் பார்த்தான். துணை மேலாளர் என்னைப் பார்த்தார். நான் வாயைத் திறக்கும் முன்னரே முதலாளி என் காலை மேசைக்குக் கீழே மிதித்தார். அவர் கண் மின்னியது. பேரத்துக்கு வந்த இடத்தில் ஒரு தாய் இப்படிக் கல்லாக நிற்பதை அவர் தன் வாழ்நாளில் கண்டதில்லை போலும்.

துணை மேலாளர் மெதுவாகத் தலையாட்டினார். "நான் அதை மதிக்கிறேன்" என்றார். சாப்பாட்டுக்கு நன்றி சொன்னார். அங்கிளுக்குக் கை கொடுத்தார். எழும்பி வாசலுக்குப் போய், அங்கே இருந்த சின்ன வாங்கில் உட்கார்ந்து சப்பாத்தை எடுத்தார்.

நான் குசினிக்குள் ஓடினேன். அன்ரி அங்கே கேக் வெட்டிக்கொண்டிருந்தார்.

"அன்ரி, என்ன செய்து வைச்சிருக்கிறியள்?"

"ஏன் பிள்ளை? உவ்வளவு பெரிய விசயத்துக்கு உடனை ஓம் எண்டால் எங்களை அலைஞ்சதுகள் எண்டெல்லோ நினைப்பினம். இப்ப கேக்கோடை திருப்பிக் கேப்பார்."

"அவர் சப்பாத்துப் போடுறார்."

"போட்டால் என்ன? முக்கியமான கதையெல்லாம் வாசலிலை நிண்டுதானே கதைக்கிறது."

எங்கள் வீடுகளில் அது உண்மை. போயிட்டு வாறம் என்று எழும்பின பிறகுதான் கலியாணமே பேசி முடியும். நான் அன்ரியின் கையிலிருந்து கத்தியை வாங்கி வைத்தேன்.

"வெள்ளையள் வாசலிலை கதைக்கிறேல்லை அன்ரி. சப்பாத்துக் கயிறு கட்டி முடிஞ்சால் முடிஞ்சுது. காரிலை ஏறி மற்றப் பெடியன்ரை பேரை அனுப்பிப்போடுவார்."

அன்ரி குசினி வாசலால் எட்டிப் பார்த்தார். அந்தப் பெரிய மனிதர் குனிந்து, ஒவ்வொரு துளையாகக் கயிற்றைக் கோத்துக்கொண்டிருந்தார். ஒரு சப்பாத்து முடிந்து மற்றது கையில். மகன் சுவரோடு சாய்ந்து நின்றான். தன்னைத் தாண்டி வலைக்குள் போன ரப்பர் வட்டைக் கோல் கீப்பர்கள் திரும்பிப் பார்ப்பதில்லை. அவனும் அந்தச் சப்பாத்தைப் பார்க்கவில்லை.

அப்போதுதான் அன்ரியின் முகம் மாறியது. குசினிக்கு வந்த போர்த்துக்கல்காரி, பனிக்குள் போன கார், எல்லாம் ஒன்றாக அவருக்குள் வந்து விழுந்ததோ என்னவோ. கையைச் சேலையில் துடைத்தார்.

"அப்ப நான் போய்க் கேக்கவோ?"

"கேளுங்கோ அன்ரி."

"நான் ஒருத்தரையும் ஒண்டும் கேட்டதில்லைப் பிள்ளை."

அது பொய்யில்லை. வாழ்நாள் முழுக்க மறுத்துக்கொண்டிருந்தவருக்குக் கேட்கத் தெரியாது. வீட்டு நடையில் நாலு அடி போய் நின்றார். துணை மேலாளர் நிமிர்ந்தார். அன்ரி தமிழில்தான் தொடங்கினார், ஒவ்வொரு சொல்லாக.

"என்ரை பிள்ளையைக் கொண்டுபோங்கோ. எனக்கு விருப்பம். ஆனால் ஒரு சொல் வேணும். அவன் உங்களுக்கு வேண்டாம் எண்டால் திருப்பி அனுப்பிப்போடுங்கோ. எங்கையோ ஒரு மூலையிலை வைச்சிருக்கக் கூடாது."

நான் அதை ஆங்கிலத்தில் சொன்னேன். அங்கிள் பின்னாலிருந்து மெதுவாகச் சொன்னார்:

"இஞ்சேரும், நாங்கள் இந்த நாட்டாலை திருப்பி அனுப்பிப்போடுவினம் எண்டு பயந்து பயந்து இருந்தனாங்கள். நீர் திருப்பி அனுப்பச் சொல்லி வரம் கேக்கிறீர்."

"அதுக்குத்தான் கேக்கிறன்" என்றார் அன்ரி திரும்பாமலே. "அந்த மலையிலை அகதி விடுதியிலை எங்களை எத்தினை வருசம் வைச்சிருந்தவை. வேணும் எண்டும் சொல்லேல்லை, வேண்டாம் எண்டும் சொல்லேல்லை. சும்மா வைச்சிருந்தவை. ஊரிலை என்ரை அம்மா செத்ததுக்கும் போகேலாமல் போச்சுது. நான் பட்டது காணும். பிள்ளைக்கு வேண்டாம்."

இதையும் மாற்றினேன். ஒரு இடத்தில் நிறுத்தித் திரும்பச் சொல்லவேண்டி வந்தது. துணை மேலாளர் கையில் சப்பாத்தோடு யோசித்தார். பிறகு முதலாளியைப் பார்த்தார். திரும்பி வருகிற விதியைத் தரலாம், அதற்கு உச்சவரம்பில் செலவில்லை. ஆனால் ஊக்கத்தொகை முழுவதையும் எடுத்துவிட வேண்டும். இரண்டையும் ஒன்றாகக் கொடுக்க மேலே என் ஆட்கள் கையெழுத்துப் போடமாட்டார்கள் என்றார்.

முதலாளியின் முகம் கறுத்தது. வாரக்கணக்கில் இழுத்த இழுவை அத்தனையும் ஊக்கத்தொகைக்குத்தான், எங்கள் பங்கும் அதில்தான் இருந்தது. நான் அன்ரிக்கு விளக்கினேன். இதை எடுத்தால் அது போகும், பெரிய காசு.

"காசு கிடக்கட்டும்" என்றார்.

மகன் சுவரிலிருந்து விலகினான். "அம்மா, எனக்குத் திரும்பி வாற வழி வேண்டாம். நான் போனால் நிண்டு விளையாடுவன்."

"நிண்டு விளையாடு. உன்னை வரச்சொல்லி ஆர் சொன்னது? கதவு ஒண்டு திறந்து கிடக்கட்டும் எண்டுதானே கேக்கிறன்."

துணை மேலாளர் எழும்பித் திரும்ப மேசைக்கு வந்தார். ஒரு காலில் சப்பாத்து, மற்றக் காலில் காலுறை. அந்தச் சப்பாத்தோடு கம்பளத்தில் நடந்ததை அன்ரி பார்த்தார், வாய் திறக்கவில்லை. அவர் வீட்டுக்குள் சப்பாத்தோடு ஒருவர் நடந்து, அவர் பேசாமல் இருந்தது அந்த ஒரு நாள்தான் என்று அங்கிள் பிறகு சொன்னார். தொலைபேசிகள் பறந்தன, தாள்கள் மாறின. மகன் கையெழுத்துப் போட்டான். துணை மேலாளருக்கு அன்ரி கேக் நீட்டினார். அவர் பழகிவிட்டார் போல, முதல் தரமே எடுத்துவிட்டார். அன்ரிக்கு அது கொஞ்சம் ஏமாற்றம்.

கார் போன பிறகு முதலாளி என்னிடம் ஒரு கேள்விதான் கேட்டார். "அவள் முதலில் சொன்ன அந்த நைன், அது உண்மையா?" நான் உண்மை என்றேன். எப்படி விளங்கப்படுத்துவது?

மகன் அந்த இலையுதிர்காலம் கடல் கடந்து போனான். பயிற்சி முகாமில் நன்றாக ஆடுகிறான் என்று செய்தி வந்தது. பிறகு செய்தி வராமல் போனது. பிறகு அன்ரியின் தொலைபேசி வந்தது.

"பிள்ளை, பெரிய ரீமிலை இந்தமுறை இடமில்லையாம். பெடியன் நாளைக்கு வாறான்." குரலில் அழுகை இல்லை, பெருமை இருந்தது. "பாத்தியோ, நான் கேட்டபடியால்தானே திருப்பி அனுப்பினவை. இல்லாட்டி எங்கை கொண்டுபோய் விட்டிருப்பினமோ."

முதலாளி என்னைத்தான் விமான நிலையத்துக்கு அனுப்பினார். க்ளோட்டனில் அவன் உபகரணப் பைகளைக் காரில் ஏற்றிவிட்டு முன்னால் ஏறினான். கூருக்குப் போகும் வழியில், வாலன்ஸே ஏரிக்கரைச் சுரங்கப் பாதைகளுக்குள் போகத்தான் வாய் திறந்தான். இருட்டில் கதைப்பது அவனுக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"அவை கேட்டவை அக்கா. சின்ன ரீமுக்குப் போறியோ, இல்லாட்டி விதிப்படி வீட்டை போறியோ எண்டு. சின்ன ரீமிலை நிண்டால் பனிக்காலத்துக்குள்ளை மேலை எடுக்கலாம் எண்டும் சொன்னவை."

"நீ என்ன சொன்னனீ?"

"சின்ன ரீம் வேண்டாம் எண்டன்."

"ஏன்டா? நிண்டு விளையாடுவன் எண்டெல்லோ சொன்னனீ."

அவன் கண்ணாடிப் பக்கம் திரும்பிக்கொண்டான்.

"உடனை ஓம் எண்டால் வேறை வழியில்லாதவன் எண்டு நினைப்பினம் எண்டு இருந்துது. ஏன் வேண்டாம் எண்டு இன்னொருக்கா கேப்பினம், அப்ப ஓம் எண்டுவம் எண்டு நினைச்சன். அவை 'ஓகே' எண்டிட்டு ரிக்கெட் போட்டிட்டினம். அந்த இடத்துக்கு ஒரு ஃபின்லாந்துக்காரன் போயிட்டான். அவன் கேள்வி முடிய முன்னமே ஓம் எண்டவன்."

சுவிஸில் பிறந்து, சுவிஸ் பெடியளோடு வளர்ந்து, சுவிஸ் ஜேர்மனில் கனவு காண்கிறவன். எனக்கு ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடிக்கத்தான் முடிந்தது. அவனை ஏசலாமா, அன்ரியை ஏசலாமா, கேட்டவுடனே நம்பிவிடுகிற அந்த மனிதர்களை ஏசலாமா என்று தெரியவில்லை. எல்லோர் மேலும் கோபம் வந்தது.

"அம்மாட்டைச் சொல்லாதையுங்கோ அக்கா. தான் கேட்டபடியால் வந்தனான் எண்டு நினைச்சுக்கொண்டு இருக்கிறா. அப்பிடியே இருக்கட்டும். வாற வருசம் முகாமுக்குக் கூப்பிடுவினம், ஒப்பந்தம் கிடக்குத்தானே. அப்ப பாப்பம்."

நான் சொல்லவில்லை. இன்றுவரை சொல்லவில்லை. அந்தப் பனிக்காலமே வேலையை விட்டு பேர்ன் பக்கம் போய்விட்டேன், பூம்ப்ளிஸில் வீடு. அன்ரியை அந்த நாளுக்குப் பிறகு பார்க்கக் கிடைக்கவில்லை.

அன்று கூரில் கதவைத் திறந்தபோது வீடு முழுக்க இறால் குழம்பு மணம். அன்ரி மகனை மேலும் கீழும் பார்த்தார். கட்டிப்பிடிக்கிற பழக்கம் அவர்களிடம் இல்லை. மகன் சப்பாத்தைக் கழற்றி வைத்தான். நான் கதிரையில் இருந்துவிட்டேன், என்னை ஒருவரும் கேட்கவில்லை. அன்ரி தட்டையும் அகப்பையையும் எடுத்துக்கொண்டு வந்தார். பயணக் களைப்பு, தோல்வி, கோபம். பிள்ளை எப்படியும் மறுப்பான், எத்தனை தரமானாலும் கேட்டுச் சாப்பிட வைக்கிறேன் என்கிற ஆயத்தம் அவர் நின்ற நிலையிலேயே தெரிந்தது.

"தம்பி, சாப்பிடுறியோ?"

"ஓம் அம்மா" என்றான் அவன், கேள்வி முடிவதற்குள். "போடுங்கோ."

கதிரையை இழுத்துப்போட்டு இருந்தான். அன்ரி தட்டோடு அப்படியே நின்றார். இரண்டாம் தரம் கேட்பதற்கு வாய் திறந்தபடி இருந்தது. மகனைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். என் முகத்தில் என்ன இருந்ததோ தெரியாது. அங்கே அவனை எத்தனை தரம் கேட்டார்கள் என்பது அவருக்கு விளங்கிவிட்டது போல, இரண்டாம் தரம் கேட்காமலே இடியப்பத்தை எடுத்து அவன் தட்டில் வைத்தார்.